சாங்கியில் கைப்பைத் திரவங்கள்: வீட்டில் கட்டுவது முதல் கேட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடமாக ஊருக்குப் போகும் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும் பெற்றோர்கள் என்று பலரைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். நானும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வருகிறேன். இதில் ஒன்று நன்றாகப் புரிந்துவிட்டது. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேல் போகாத பாட்டிலில் இருக்க வேண்டும், எல்லாம் ஒரு லிட்டர் ஜிப் பை ஒன்றுக்குள் அடங்க வேண்டும் என்கிற 100 மில்லி விதி இப்போது ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கேட் வாசலில் ஊறுகாயும் எண்ணெயும் சென்ட்டும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன, ஏனென்றால் எதை எந்த நேரத்தில் சரிபார்க்க வேண்டும் என்கிற வரிசை பலருக்குத் தெரிவதில்லை. அதனால் அந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

1. சாங்கியில் சோதனை எங்கே நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையிலும் திருச்சியிலும் குடிநுழைவு (பாஸ்போர்ட் பார்க்கும் இடம்) முடிந்த கையோடு சோதனை வந்துவிடும். சாங்கியின் 1, 2, 3 முனையங்களில் அப்படி இல்லை, விமானம் ஏறும் கேட்டின் வாசலில்தான் பையை ஸ்கேனரில் வைப்பார்கள். முனையம் 4 மட்டும் வேறு, அங்கே குடிநுழைவுக்கு அடுத்தே எல்லாருக்கும் ஒரே இடத்தில் சோதனை.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. கேட் வாசலில் நிற்கும்போது உங்கள் பெரிய பெட்டி போய்விட்டிருக்கும், வழியனுப்ப வந்தவர்கள் எம்ஆர்டி ரயில் ஏறியிருப்பார்கள், கேட் மூட அரை மணி நேரம்தான் இருக்கும். அங்கே ஒரு பொருள் மாட்டினால் அதைப் பெட்டியில் வைக்கவும் முடியாது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது. விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆகவே திரவங்களைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய கடைசி இடம், பெரிய பெட்டியை ஒப்படைக்கிற கவுண்டர். கேட் வரை போனால் முடிவு உங்கள் கையில் இருக்காது.

2. கட்ட ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு லிட்டர் கொள்ளும், மூடித் திறக்கும் ஜிப் உள்ள தெளிவான பிளாஸ்டிக் பை. சுமார் 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இருந்தால் சரி. பேரங்காடியில் உணவு வைக்க விற்கும் ஜிப் பைகளிலேயே இந்த அளவு கிடைக்கும், இரண்டாக எடுத்து வையுங்கள், ஒன்று கிழிந்தால் இன்னொன்று உதவும். பூப்போட்ட பை, நிறம் கொண்ட பை, கட்டுக் கயிறு போட்ட பை எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிய வேண்டும், முழுதாக மூடவும் வேண்டும்.

அளவு அச்சிட்ட, 100 மில்லிக்கு மேல் போகாத காலி பாட்டில்கள் நாலைந்து. முஸ்தபா பேரங்காடியிலும், எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி (டாலர்) என்று விற்கும் கடைகளிலும் கிடைக்கும். அளவு அச்சிடாத டப்பா வாங்காதீர்கள், அது எவ்வளவு கொள்ளும் என்று சோதனையில் உங்களால் காட்ட முடியாது.

அப்புறம் பெட்டியில் போகிற பாட்டில்களுக்கு ஒட்டுநாடா, உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், பழைய செய்தித்தாள். மருந்து கொண்டுபோகிறவர்களுக்கு மருத்துவரின் சீட்டு.

இன்னொன்று, டிக்கெட்டில் செக்-இன் பெட்டி இருக்கிறதா என்று கட்ட ஆரம்பிக்கும் முன்பே பாருங்கள். மலிவு விமானத்தில் கைப்பை மட்டும் என்று டிக்கெட் எடுத்துவிட்டு, முதல் நாள் ராத்திரி நெய்யும் நல்லெண்ணெயும் வாங்கி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டி எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் போய்க் கேட்டால் வேறு விலை. பெட்டியே இல்லாத பயணம் என்றால் கீழே சொல்வதில் பாதி உங்களுக்கு இல்லை: ஒரு ஜிப் பைக்குள் அடங்குவது மட்டும்தான் உங்களுடையது.

3. வீட்டில் எல்லாவற்றையும் பரப்பிப் பிரியுங்கள்: எது திரவம்?

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்ணீர் மாதிரி ஊற்றுவது மட்டும்தான் திரவம் என்று நாம் நினைக்கிறோம். சோதனையில் திரவம், ஜெல், பசை, களிம்பு, ஸ்ப்ரே எல்லாம் ஒரே கணக்கு. நான் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் அடையாளம் இதுதான்: ஊற்ற முடியுமா, பிதுக்க முடியுமா, தடவ முடியுமா, பீய்ச்ச முடியுமா? நாலில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் திரவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறையிலிருந்து வருபவை: பற்பசை, ஷாம்பு, முகம் கழுவும் ஜெல், சன்ஸ்கிரீன், கைச்சுத்திகரிப்பான், சவர நுரை, சென்ட், அத்தர், மஸ்காரா, கண் லென்ஸ் கழுவும் திரவம். சோப்புக்கட்டி திரவம் இல்லை, குச்சி லிப்ஸ்டிக்கும் இல்லை.

சமையலறையிலிருந்து வருபவைதான் நம் வீடுகளில் பெரிய தலைவலி. ஊறுகாய், தொக்கு, நெய், தேன், தயிர், அரைத்த தோசை மாவு, சட்னி, கரைத்த புளி, சம்பால், காயா ஜாம், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் திரவக் கணக்கில் வரும். பாகில் மிதக்கும் குலாப் ஜாமூனும் ரசகுல்லாவும் வரும். மைசூர்பாகு, அதிரசம், முறுக்கு, தட்டை கைப்பையில் தாராளமாகப் போகும். அல்வா நடுவில் நிற்கிற பொருள், பார்க்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது, அதனால் பெட்டியில் வைத்துவிடுங்கள். இட்லிப்பொடி போகும், ஆனால் நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லியைக் கட்டும்போது எண்ணெய் டப்பா அடியில் தேங்காத மாதிரி கட்டுங்கள்.

என் அத்தை ஒருமுறை சிங்கப்பூரில் ஈசூன் வட்டார வீட்டில் போட்ட நார்த்தங்காயைத் தன் அண்ணனுக்காகக் கைப்பையில் வைத்திருந்தார். நானும் அதே விமானம். கேட்டில் அதிகாரி பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார், அடியில் ஒரு விரற்கடை உப்புத் தண்ணீர் நின்றது. "எண்ணெயே ஊத்தலப்பா, வெறும் காயும் உப்பும்தான்" என்றார் அத்தை. "தெரியுதும்மா, ஆனா தண்ணி இருக்கே, இது போகாது" என்று மெதுவாகத்தான் சொன்னார் அவர். அதே நார்த்தங்காயை நன்றாக வெயிலில் காயவைத்துப் பொட்டலமாக எடுத்து வந்திருந்தால் பிரச்சினை இல்லை, அல்லது இரண்டு மணி நேரம் முன்னால் பெட்டிக்குள் போயிருந்தாலும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

உறையவைத்தால் போய்விடும் என்று நம்பி மீன் குழம்பை ஃப்ரீசரில் கல்லாக்கிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வீட்டிலிருந்து கேட்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் ஓரம் கரைந்து தண்ணீர் நிற்கும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான், ஏசி அறையில் கட்டியாக இருந்தாலும் அது எண்ணெய்தான்.

திரவமே இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சூடம் எரியும் பொருள், கைப்பையிலும் பெட்டியிலும் வைக்கக் கூடாது. பூஜைச் சாமான் கட்டும்போது அதை மட்டும் தனியே எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.

4. 100 மில்லி என்பது பாட்டிலின் அளவு, உள்ளே மிச்சமிருப்பது இல்லை

200 மில்லி தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் என்று நானே ஒருமுறை கைப்பையில் போட்டு, கேட்டில் விட்டுவிட்டு வந்தேன். உள்ளே 50 மில்லிதான் இருந்தது, ஆனால் பாட்டிலில் 200 என்று அச்சடித்திருந்தது. ஸ்கேனருக்கு முன்னால் நிற்பவர் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்க முடியாது, அதனால் பாட்டிலில் எழுதியிருக்கும் கொள்ளளவையே பார்க்கிறார்கள். மிச்சத்தை மேலே சொன்ன சின்ன பாட்டிலில் மாற்றியிருக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை.

சரியாக 100 என்று போட்ட பாட்டில் போகும். 100 மில்லி சென்ட் கைப்பையில் வரலாம், 125 மில்லி பாட்டில் வராது. உடம்புக்கு அடிக்கும் ஸ்ப்ரே பெரும்பாலும் 150 மில்லி டின்னில்தான் வருகிறது, ஆகவே அது பெட்டிக்கு.

பற்பசை டியூபில் கிராம் போட்டிருக்கும், அங்கேதான் வாக்குவாதம் வரும். பசை தண்ணீரைவிடக் கனம், ஆகவே 100 கிராம் பசை 100 மில்லியைவிடக் குறைவான இடத்தையே பிடிக்கும். ஆனால் இந்தக் கணக்கைக் கேட்டில் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, சின்ன பயண டியூப் ஒன்று வாங்கி வைப்பது எவ்வளவோ மேல்.

5. ஜிப் பையை வீட்டிலேயே மூடிப் பாருங்கள்

ஒரு ஆளுக்கு ஒரு பை. பத்து 100 மில்லி பாட்டில் சேர்ந்தால் ஒரு லிட்டர், ஆகவே பத்து வைக்கலாம் என்று தாளில் கணக்குப் போடலாம், ஆனால் உருண்டை பாட்டில்களுக்கு நடுவில் வீணாகும் இடத்தால் பத்தும் உள்ளே போய் ஜிப் மூடாது. நான் வைத்துப் பார்த்ததில் ஆறு, இறுக்கி அடுக்கினால் ஏழு. தட்டையான டியூபாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு. ஜிப் மூடவில்லை என்றால் ஏதோ ஒன்று வெளியே வர வேண்டும், அதை எது என்று வீட்டில் நிதானமாக முடிவு செய்யுங்கள்.

கோடாலித் தைலம் வாங்கிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஊரில் ஆளுக்கொன்று கொடுக்க ஒரு டஜன், இரண்டு டஜன் என்று வாங்குவது நம் வழக்கம். ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்கு ரொம்பக் கீழே, அதனால் கைப்பையில் எத்தனை வேண்டுமானாலும் போகும் என்று நினைத்துவிடுகிறார்கள். அத்தனையும் அந்த ஒரே ஜிப் பைக்குள், உங்கள் பற்பசையோடும் ஷாம்புவோடும் சேர்ந்து அடங்க வேண்டும். அட்டைப்பெட்டியோடு வைத்தால் ஆறேழுக்கே பை நிரம்பிவிடும். ஒன்றைக் கைக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியில் போடுங்கள்.

கட்டிய பையைக் கைப்பையின் அடியில் புதைக்காதீர்கள். மேலேயோ வெளிப்புற அறையிலோ வையுங்கள், கேட்டில் ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டும்.

6. பெட்டிக்குப் போகும் திரவங்களைக் கட்டும் முறை

பெட்டியில் 100 மில்லி விதி இல்லை, ஆனால் அதற்கென்று வேறு வரம்புகள் உண்டு. சென்ட், ஸ்ப்ரே, தைலம் மாதிரி ஒப்பனை, மருந்து வகைகளில் ஒவ்வொன்றும் 500 மில்லி அல்லது அரை கிலோவுக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 2 லிட்டர் அல்லது 2 கிலோ. ஸ்ப்ரே டின்னுக்கு மூடி அவசியம், மூடி இல்லாமல் பொத்தான் அழுந்தினால் பெட்டி முழுக்கப் பீய்ச்சிவிடும். பெயின்ட் ஸ்ப்ரே, தின்னர், மண்ணெண்ணெய் எதிலும் கூடாது.

மதுவில் ஆல்கஹால் அளவு 24 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடைப்பட்டது ஒருவருக்கு 5 லிட்டர் வரை, கடையில் வாங்கிய சீல் உடையாமல் இருக்க வேண்டும். 70-க்கு மேல் போனால் அனுமதியே இல்லை. இது விமானப் பாதுகாப்புக்கான வரம்பு. இறங்கும் நாட்டின் சுங்க வரம்பு வேறு, இந்தியாவில் வரியில்லாமல் 2 லிட்டர்தான்.

இனி கசிவு. விமானம் மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். அரைகுறையாக இருக்கும் பாட்டில் முழு பாட்டிலைவிட அதிகம் கசிவது இதனால்தான். பிளாஸ்டிக் பாட்டிலைக் கொஞ்சம் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். மூடியைக் கழற்றி, வாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, அதன் மேல் மூடியைத் திருகி, சுற்றி ஒட்டுநாடா போடுங்கள். பிறகு தனி ஜிப் பை, அதைச் சுற்றிச் செய்தித்தாள், பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையில் நிற்க வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பெட்டி வீசப்படும்போது முதல் அடி அதற்குத்தான்.

ஊறுகாய்க்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, மேலே இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். நெய்யையும் எண்ணெயையும் கடையில் சீல் வைத்தபடி விட்டுவிடுவதுதான் நல்லது.

7. விதிவிலக்கு உள்ளவை: மருந்தும் குழந்தை உணவும்

இவை 100 மில்லிக்கு மேலும் போகலாம், ஜிப் பைக்கு வெளியேயும் இருக்கலாம். ஆனால் பயண நேரத்துக்குத் தேவையான அளவாக இருக்க வேண்டும், அது உங்களுக்குத்தான் தேவை என்று காட்ட முடிய வேண்டும்.

இருமல் மருந்தாக இருந்தாலும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கொடுத்த பாட்டிலிலேயே வையுங்கள், பயணிப்பவரின் பெயர் ஒட்டிய சீட்டு அதில் இருக்கும். வேறு பாட்டிலில் மாற்றினால் அந்த அடையாளம் போய்விடும், அதன் பிறகு அது வெறும் சிவப்புத் திரவம்தான். சிறப்பு உணவு தேவைப்படுகிறவர்களுக்கும் இதேதான், மருத்துவர் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும்.

இன்சுலினைப் பெட்டியில் போடவே போடாதீர்கள். சரக்கு அறையில் குளிர் அதிகமானால் உறைந்துவிடக்கூடும், உறைந்த இன்சுலின் பயன்படாது. கைப்பையில் வைத்து, குளிர்ப் பொதி, ஊசி, மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே சிறு பையில் சேர்த்து, சோதனைக்குப் போனவுடன் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு விளக்குவதைவிட இது வேகமாக முடியும்.

கைக்குழந்தை கூட வந்தால் பால், கொதித்து ஆறிய தண்ணீர், மசித்த உணவு எடுத்துப்போகலாம். பால்மாவு பொடியாக இருந்தால் திரவக் கணக்கிலேயே வராது, அளந்து டப்பாவில் போட்டுக்கொண்டு, வெந்நீரை விமானப் பணியாளரிடம் கேட்டு வாங்கலாம். தாத்தா பாட்டி பேரனுக்காகப் பழக்கூழ் டப்பாக்கள் வாங்கிப் போகிறார்கள் என்றால், பேரன் ஊரில் இருக்கிறான், விமானத்தில் இல்லை. அந்த டப்பாக்கள் பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

8. கவுண்டருக்கு முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள்

கவுண்டர் வரிசையில் சேரும் முன் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை ஒருமுறை முழுதாகத் திறந்து பாருங்கள். வீட்டில் சரியாகக் கட்டினவர்களும் வழியில் கெடுத்துக்கொள்வது உண்டு: கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சம்பால் பாட்டில், காரில் குடித்துவிட்டுப் பையில் போட்ட மைலோ பாக்கெட், குழந்தையின் தண்ணீர் பாட்டில். சட்டைப் பை, மடிக்கணினிப் பை, பெண்களின் தோள்பை எல்லாம் சேர்த்துத்தான்.

மிஞ்சினதைப் பெட்டிக்கு மாற்றுங்கள். எடை கூடினால் பெட்டியிலிருந்து துணியையோ முறுக்குப் பொட்டலத்தையோ கைப்பைக்கு எடுங்கள், கைப்பை எடையும் பார்க்கப்படும் என்பதை மறக்காமல். இப்படி அவசரமாக மாற்றும்போது பவர் பேங்க் தவறிப் பெட்டிக்குள் போய்விடுகிறது, அதைக் கையோடுதான் வைத்திருக்க வேண்டும்.

பெட்டியிலும் இடமில்லை என்றால் வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அதனால்தான், வந்தவர்களைப் பெட்டி போகும் வரை இருக்கச் சொல்வேன்.

9. குடிநுழைவுக்கு அப்புறம்: தண்ணீரும் வரியில்லாக் கடையும்

1, 2, 3 முனையங்களில் உள்ளே கடையில் வாங்கும் தண்ணீர், காப்பி, பபிள் டீ எதுவும் கேட் சோதனையைத் தாண்டாது, விமான நிலையத்துக்கு உள்ளேயே வாங்கியதாக இருந்தாலும். குடித்து முடித்துவிட்டுப் போங்கள். காலி பாட்டிலோ ஃபிளாஸ்க்கோ எடுத்துப்போகலாம், கேட்டுக்கு உள்ளே குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். ஃபிளாஸ்க்கில் அடியில் கொஞ்சம் நின்றாலும் கொட்டச் சொல்வார்கள், கழிவறையில் கவிழ்த்துவிட்டு மூடியைத் திறந்தபடி டிரேயில் வையுங்கள்.

முனையம் 4-இல் சோதனை முன்பே முடிந்துவிடுவதால் அதன் பிறகு வாங்கும் தண்ணீரை விமானத்துக்குள் கொண்டுபோகலாம்.

வரியில்லாக் கடையில் வாங்கும் மது, சென்ட் 100 மில்லிக்கு மேல் இருந்தாலும் போகும். ஆனால் கடைக்காரர் தெளிவான பாதுகாப்புப் பையில் போட்டு, ரசீது வெளியே தெரியும்படி ஒட்டி மூடியிருக்க வேண்டும். அந்தப் பையைத் திறந்தால் ஒட்டியது தெரியும்படி கிழியும், கிழிந்துவிட்டால் அதற்குள் இருப்பது சாதாரணத் திரவம் ஆகிவிடும். சென்ட் வாசனை பார்க்கலாமே, பாட்டிலைக் கைப்பைக்குள் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துவிட்டு அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது எந்த ஊருக்குப் போகிறீர்கள், நடுவில் விமானம் மாறுகிறீர்களா என்று கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.

10. கேட் சோதனையில்

கேட் திறந்தவுடனே போய்விடுங்கள். கடைசி பத்து நிமிடத்தில் போனால் எல்லாரும் சேர்ந்து வரிசையில் நிற்பார்கள், ஏதாவது மாட்டினால் யோசிக்க நேரமே இருக்காது.

ஜிப் பையை எடுத்து டிரேயில் தனியே வையுங்கள். மடிக்கணினியை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பது அங்கே இருக்கும் இயந்திரத்தைப் பொறுத்தது, அதிகாரி சொல்வதைக் கேட்டால் போதும். பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். அவர்கள் பையைத் திறக்கச் சொன்னதும் பதறி, எல்லாவற்றையும் வெளியே கொட்ட ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு பொருள் போகாது என்றால் வாக்குவாதம் செய்து பயனில்லை, அங்கே நிற்பவருக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் கிடையாது. மருந்தாக இருந்தால் மட்டும் சீட்டைக் காட்டி மேலதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள்.

11. நடுவில் விமானம் மாறுகிறவர்களுக்கு

விதி, நீங்கள் கடைசியாகச் சோதிக்கப்படும் இடத்தின் விதி. ஐரோப்பாவில் சில விமான நிலையங்கள் புது ஸ்கேனர் வைத்து வரம்பைத் தளர்த்திவிட்டன, எடின்பரோவில் 2025 ஜூலையிலிருந்து 2 லிட்டர் வரை விடுகிறார்கள். அங்கிருந்து சாங்கி வழியாக ஊருக்குப் போகிறவர் அரை லிட்டர் பாட்டிலோடு வந்தால், சாங்கியில் அடுத்த விமானத்தின் கேட்டில் 100 மில்லி கணக்குத்தான்.

சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போகிறவர்கள், சாங்கியில் வாங்கிய மது பாட்டிலைச் சுங்கம் தாண்டியவுடன் பெரிய பெட்டிக்குள் வைத்து, மறுபடி செக்-இன் செய்யுங்கள். அதற்கு ஏற்ற மாதிரி பெட்டியில் ஒரு பாட்டில் அளவு இடமும் துணியும் விட்டு வையுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்குப் பொடி விதி ஒன்றும் உண்டு. உப்பு, டால்கம் பவுடர் மாதிரி கனிமப் பொடிகள் கைப்பையில் ஒருவருக்கு மொத்தம் 350 மில்லி அல்லது 350 கிராம். திருநீறும் அந்த வகையில்தான் வரும், பெரிய பொட்டலமாக இருந்தால் பெட்டியில் போடுங்கள். மசாலாப் பொடி, காப்பிப்பொடி அந்தக் கணக்கில் இல்லை.

12. ஊரிலிருந்து திரும்பும்போது

போகும்போது கவனமாக இருந்தவர்களும் திரும்பும்போது விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் கடைசி நாள் வீட்டில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பழனிப் பஞ்சாமிர்த டப்பா, கங்கைத் தீர்த்தச் செம்பு, கைபடாத வீட்டு நெய், வடித்த நல்லெண்ணெய். பஞ்சாமிர்தம் பசை வகை. சீல் வைத்த செம்பாக இருந்தாலும் உள்ளே இருப்பது தண்ணீர், அதுவும் வெளியே தெரியாத பாத்திரத்தில். கோயில் பிரசாதம் என்பதால் விலக்கு கிடையாது, பெட்டியில் நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள்.

மதுரையிலிருந்து சென்னை வரை உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலோடு வந்தோமே, இங்கே ஏன் தடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 100 மில்லி விதி வெளிநாட்டு விமானத்துக்குத்தான், சென்னையில் வெளிநாட்டு முனையத்தின் சோதனையில் ஆரம்பிக்கிறது. அங்கே சோதனை குடிநுழைவை ஒட்டியே இருப்பதால் தண்ணீர் பாட்டிலை அதற்கு முன்னாலேயே காலி செய்துவிடுங்கள். கிளம்பும் முன் அம்மாவிடம், கடைசி நேரத்தில் எதைக் கொடுத்தாலும் பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால் கொடுத்துவிடும்மா என்று சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் பெட்டி பூட்டுகிற நேரம் ராத்திரி ஒன்பது மணி, அதன் பிறகு முறுக்கு மட்டும்தான் வாங்கிக்கொள்வேன்.